ஓம் என்றால் இழுப்பேன்

மகன்,

கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. முற்றத்தில் பந்தல் தடி வந்து இறங்குகிறது. உன் அம்மா என்னை வாழைக்குலை பார்க்கப் போகச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் கதவைச் சாத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் நீ இடையில் கையை உயர்த்தி விதி சொல்வாய். கடிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலன்று நம் விறாந்தையில் நடந்த கைமடக்குப் போட்டியை யாரோ கைபேசியில் பிடித்து அனுப்பிவிட்டார்கள், புல்மோட்டையிலிருந்துகூட ஆட்கள் அழைப்பெடுத்து விசாரிக்கிறார்கள். அந்தப் படத்தில் தெரிவது இரண்டு வழுக்கைத் தலைகள் மட்டும்தான். கைகளுக்குள் என்ன நடந்தது என்று படம் காட்டாது. ஆகவே இது உனக்கு எழுதும் கடிதம் என்றாலும் விரும்பியவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். அன்று போட்டி முடிந்ததும் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இதன் கடைசியில் இருக்கிறது. பாய்ந்துபோய் முதலில் அதைப் பார்க்காதே. அது முந்தி இழுப்பதற்குச் சமம். அதைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

முதலில் ஓம் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ நடுவர் பரீட்சைக்குப் படித்த விதிகளில் அந்தச் சொல் இல்லை. துறைமுகத்தில் எங்களுக்கு அதைத் தவிர வேறு விதி இருந்ததில்லை. கப்பலைக் கரையோடு இழுத்துக் கட்டும் கயிற்று வேலையில் நான் இருந்த காலத்தில், கப்பல் உள்ளே வரும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் கம்பி சுற்றிவந்த பெரிய மர உருளை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கை மடக்குவோம். ஒருவன் “இழுப்பமா?” என்று கேட்பான். மற்றவன் “ஓம்” என்பான். அந்த ஓம் வாயை விட்டு வெளியே வரும்போதே கை போய்விட வேண்டும். வேலையிலும் அதேதான். மேலேயிருந்து கப்பல்காரர் குரல் கொடுப்பார், கீழே முன்னால் நிற்பவன் ஓம் என்றதும் எல்லோரும் சேர்ந்து இழுப்போம். ஓம் கேட்டும் இழுக்காமல் நிற்பவன், பக்கத்தில் நிற்பவனின் விரலைக் கயிற்றுக்குத் தின்னக் கொடுப்பான். அந்தச் சொல் எனக்குக் காதில் விழுவதில்லை மகன், நேரே முழங்கைக்குப் போகிறது. அதைப் பிழை என்று சொல்ல உனக்கு ஒரு கோடு போட்ட சட்டை போதுமாக இருந்தது.

உட்துறைமுகக் கரையில் நடந்த அந்த மூத்தோர் பிரிவு இறுதிப் போட்டியைத்தான் சொல்கிறேன். மாவட்டத்தில் நடுவர் பயிற்சி முடித்தவன் நீ ஒருவன்தான் என்பதால் உன் அப்பாவின் மேசையிலும் நீயே நின்றாய். சிலர் முணுமுணுத்தார்கள். “அவன் என்ர மகன் எண்டால் என்ன, கண் தெரியும்தானே” என்று அவர்கள் வாயை அடைத்தவன் நான். எதிரே நின்றவர் கந்தளாயார். கந்தளாய்க் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர், இளமையில் சீனி ஆலைக்குக் கரும்பு வெட்டியவர். உள்ளங்கை அகலம், விரல் நீளம். அப்படிப்பட்ட கைக்காரர்கள் மேலால்தான் வருவார்கள். நம் விரல்களின் நுனிப் பக்கமாகத் தங்கள் பிடியை ஏற்றி, தங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, நம் மணிக்கட்டை மல்லாக்கத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் அதை டொப் ரோல் என்கிறீர்கள். நான் சுருட்டு என்கிறேன். நான் இழுப்பது கொளுக்கி. மணிக்கட்டை உள்ளே மடித்து, எதிரியின் கையையும் உள்ளே கூட்டிவந்து, மணிக்கட்டோடு மணிக்கட்டைப் பூட்டி, அதன்பிறகு தோளையும் முதுகையும் காலையும் ஒன்றாகப் போட்டு இழுப்பது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, கயிறு சொல்லித் தந்தது. சுருட்டுக்காரனும் கொளுக்கிக்காரனும் மோதினால் சண்டை முதல் மூச்சிலேயே முடிந்துவிடும். யாருடைய மணிக்கட்டு முதலில் மல்லாந்து போகிறதோ அவன் தோற்றான். மிச்சமெல்லாம் கையைக் கீழே கொண்டுபோய் வைக்கும் சடங்கு. ஆகவே தொடக்கம்தான் எல்லாம்.

ஆளுக்கொரு சுற்று வென்றிருந்தோம். மூன்றாவதற்கு நீ எங்கள் கைகளை நடுவில் நிறுத்தி, பெருவிரலின் மூட்டு மொளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, “பிடி சரியோ?” என்று கேட்டாய். கந்தளாயார் அடிவயிற்றிலிருந்து “ஓம்!” என்றார். என் கை போய்விட்டது. அவருடைய புறங்கை மேசை மெத்தையில் அடித்த சத்தம் வீதியில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். நீ கையை உயர்த்தினாய். “நான் இன்னும் கோ சொல்லேல்ல. முந்தி இழுத்தது. பிழை ஒண்டு.” மறுபடி நிறுத்தினாய், மறுபடி கேட்டாய், மறுபடி அவர் ஓம் என்றார். “ரெண்டு பிழை. வெற்றி கந்தளாய்” என்று நீ சொன்னபோது உன் முகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. அப்பா தோற்கிறாரே என்ற கவலையும் இல்லை, தோற்கடிக்கிறோமே என்ற கூச்சமும் இல்லை, தபால்பெட்டியின் முகம். கந்தளாயார் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார். துறைமுகத்துக்காரன் ஓம் கேட்டால் பாய்வான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, அது உத்தி. கை பிடிப்பதற்கு முன்பே போட்டி தொடங்கிவிடுகிறது. தயாராக இருக்கிறேன் என்று தன் வாயாலேயே சொன்ன ஆளை இழுப்பது எப்படிப் பிழையாகும் என்பதுதான் என் கேள்வி. அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

சில வாரங்கள் கழித்து நீ குசினி வாசலில் நின்று நிரோஜாவைப் பற்றிச் சொன்னாய். பெண்கள் பிரிவில் இழுக்கிற பிள்ளை, நல்ல பிள்ளை, கட்டுவதென்றால் அவளைத்தான் கட்டுவேன் என்றாய். எனக்குச் சந்தோசம். “ஆற்ற பிள்ளை?” என்று கேட்டேன். “கந்தளாயாற்ற.” எனக்கு வாயில் இருந்த தேத்தண்ணி இறங்கவில்லை. “அண்டைக்கு அந்த மேசையில நிக்கேக்க உனக்கு அவளைத் தெரியுமோ?” “தெரியும்.” “அப்ப அவளுக்காகத்தானோ என்ர கையை நிப்பாட்டினனீ?” நீ சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனாய். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீயும் என் பிள்ளைதானே, சொல்லவில்லை. அன்றிலிருந்து நமக்குள் சாப்பாட்டுக் கதையும் மின்சாரக் கட்டணக் கதையும் மட்டும்தான்.

அந்தக் கோபத்தையெல்லாம் நான் பயிற்சியில் போட்டேன். பழைய டயர் ரியூப்பை வெட்டி யன்னல் கம்பியில் கட்டி, துணி சுற்றிய தடித்த பிடி ஒன்று போட்டு, மணிக்கட்டை மடித்தபடி இழுத்துக்கொண்டு நிற்பேன். பலம் எனக்குப் போதும். ஓம் கேட்டால் பாயும் கையைப் பாயாமல் நிற்கவைப்பதுதான் வேலை. அம்மாவைக் குசினியிலிருந்து நினைத்த நேரமெல்லாம் ஓம் சொல்லச் சொன்னேன். அவர் எனக்காகச் சொல்லும் ஓமை விட, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கும்போது தன்பாட்டில் விழுகிற ஓம்கள்தான் ஆபத்தானவை. ஒவ்வொன்றுக்கும் யன்னல் கம்பி ஆடியது. பிறகு ஒன்று விளங்கியது: நானே அந்தச் சொல்லைப் பேசிக்கொண்டிருந்தால் கை எப்படி மறக்கும்? ஆகவே என் வாயிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன். “சோறு போடட்டோ?” “போடு.” “மீன் காணுமோ?” “காணும்.” “மழை வரும்போல கிடக்கு, என்ன?” “வரும்.” ஒருநாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இஞ்சேருங்கோ, ஒரு ஓம் சொல்ல உங்களுக்கு வாய் வலிக்குதோ? கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு அந்த ஒரு சொல்லும் இல்லையோ?” நான் தலையை ஆட்டினேன். அது ஓம் என்றுதான் அர்த்தம். அவர் அகப்பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும், சம்பந்தம் பேச அவர்கள் வந்த அன்று என்ன நடந்தது என்று. நிரோஜாவின் அம்மா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “எங்கட பிள்ளையை எடுக்க உங்களுக்கு முழுச் சம்மதம்தானே அண்ணை?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன், இரண்டு பக்கமும் தெரியும்படி. அவர் மறுபடி, “சம்மதம்தானே?” என்றார். மறுபடி ஆட்டினேன். வாயிலிருந்து ஓம் வரவில்லை என்று அவர் படலை வாசலைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு போனாராம். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. தோற்ற கோபத்தில் உன் வாழ்க்கையைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தாய். எனக்கும் விளக்கிச் சொல்ல ஆசைதான். ஆனால் எதிரே தட்டுவடையைக் கடித்துக்கொண்டு இருந்தவர் யார்? கந்தளாயார். அவர் முன்னாலேயே என் பயிற்சியை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறாயா?

பொன்னுருக்கலுக்கு அவர்கள் வந்தபோது, உங்கள் கழகத்தின் போட்டி மேசை நம் விறாந்தையில்தான் இருந்தது. அம்மா அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துப் பலகாரத் தட்டுகளை அடுக்கியிருந்தார். பத்தர் பொன்னை உருக்கி முடித்து எல்லோரும் கும்பிட்டு எழுந்ததும், கந்தளாயார் பயற்றம் பணியாரம் எடுக்கப் போனவர் துணியின் கீழே கையை விட்டு, மற்றக் கைக்கான பிடிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். “இது அதே மேசையெல்லோ?” “அதேதான்.” “கை எப்பிடி?” “தோளிலதான் கிடக்கு. வேணுமெண்டால் பாருங்கோ.” அம்மா இடையில் வந்தார். “நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில ரெண்டு பேருக்கும் என்ன விசரோ?” பத்தர் தன் குறட்டைத் துடைத்தபடி, “பொன் உருகி முடிஞ்சுது அக்கா. இனி ஆர் உருகினாலும் எனக்குப் பிரச்சினையில்லை” என்றார். தட்டுகள் இறங்கின. நீ நடுவராக நிற்க மாட்டேன் என்றாய். “நீதான் நிக்கோணும்” என்றேன். உன்னைச் சோதிக்க நினைத்தேனா என்று கேட்பாய். சோதிக்கத்தான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரக் கூடாதென்பதால் நிரோஜா தன் அம்மாவின் கைபேசிக்குள் இருந்தாள். அவளையும் மேசைப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள்.

முதல் சுற்று. நீ கைகளை நிறுத்தினாய். “பிடி சரியோ?” “ஓம்!” என்றார் கந்தளாயார், உட்துறைமுகமே கேட்கும்படி. என் கை கல்லாக நின்றது, மகன். அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அத்தனை மாதம் யன்னல் கம்பி ஆடியது. “ரெடி... கோ!” பக்கவாட்டில் தள்ள நான் அவசரப்படவில்லை. முதலில் அவர் கையை என் நெஞ்சுப் பக்கமாக இழுத்தேன். அவருடைய முழங்கை மடிப்பு கொஞ்சம் விரிந்தது. விரிந்த கையில் பலம் நிற்காது. எவ்வளவு பெரிய ஆளானாலும் கை அவருடைய உடம்பை விட்டு விலகிப் போனால் அது வெறும் தடி. கைபேசிக்குள்ளிருந்து நிரோஜா கத்தினாள், “அப்பா, கையைக் கிட்ட எடுங்கோ! விரிய விடாதேங்கோ!” பிந்திவிட்டது. மணிக்கட்டைப் பூட்டினேன், இடது காலை மேசைக் காலில் ஊன்றினேன், முதுகைப் போட்டேன். விழுந்தது. நடந்த பிழையை நம் மருமகள் சரியாகச் சொல்லிவிட்டாள் என்று அம்மாவிடம் அப்போதே சொன்னேன்.

இரண்டாவதில் அவர் பாடம் படித்துவிட்டார். பிடிக்கும்போதே விரல்களை ஒரு நெல்மணி அளவு மேலே ஏற்றிக்கொண்டார், என் பெருவிரலின் அடியைத் தனியாகப் பிரித்துவிட்டார். கோ என்றதும் உடம்பைப் பின்னால் சாய்த்து என் விரல் நுனிகளை வாங்கிக்கொண்டு போனார். மணிக்கட்டு மல்லாந்தது. வடிவான இழுவை, எதிரியானாலும் சொல்லத்தான் வேண்டும். கை பாதியில் நின்றபோது நான் மறுபக்கம் திரும்பித் தோளால் இழுக்கப் பார்த்தேன். அப்போது கந்தளாயாரே, என்னை அமுக்கிக்கொண்டிருந்தபடியே, “கையைப் பாருங்கோ சம்பந்தி! முகத்தைத் திருப்பாதேங்கோ!” என்று கத்தினார். நீயும் அதே நேரத்தில் வாயைத் திறந்தாய், அவர் முந்திவிட்டார். கையை ஒரு பக்கம் விட்டுவிட்டு உடம்பை மற்றப் பக்கம் திருப்பினால் மேற்கை எலும்பு முறுகி உடையும். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த ஒருவனின் எலும்பு அப்படி உடைந்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், காய்ந்த விறகு உடைகிற சத்தம். நான் முகத்தைக் கைக்குத் திருப்பினேன், ஒழுங்காகத் தோற்றேன். உனக்குக் கல்யாணப் புத்தி என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: எங்கே பாரம் விழுகிறதோ அங்கே முகத்தை வைத்திரு. தோற்றாலும் உடையமாட்டாய். நானும் நீயும் இத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தோம்.

மூன்றாவது சுற்று. தொடக்கத்திலேயே கந்தளாயாரின் முழங்கை மெத்தையை விட்டு எழும்பியது. நீ நிறுத்தினாய். “முழங்கை எழும்பினது. பிழை ஒண்டு.” அவர் கைபேசியைப் பார்த்தார். “எழும்பினதுதான் அப்பா” என்றாள் நிரோஜா. மறுபடி பிடித்தோம். இம்முறை நீ “பிடி சரியோ?” என்று கேட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. ஓம் இனி என்னிடம் வேலை செய்யாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது: ஓம் விழுந்தால் என் பாய்ச்சல் வரும் என்று இத்தனை காலமும் காத்திருந்த கை அவருடையது. துறைமுகத்தான் ஓமோடு பாய்வான், பாயும் முன் அடிக்க வேண்டும் என்று பழகிய கை. நான் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை எடுத்து, வயிற்றிலிருந்து, “ஓம்!” என்றேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். கந்தளாயாரின் கை பாய்ந்துவிட்டது! என் கை எதிர்க்காமல், அவர் இழுத்த பக்கம் போய் மெத்தையில் விழுந்தது. விறாந்தை முழுக்கச் சத்தம். நீ கையை உயர்த்தினாய். சத்தம் நின்றது. “முந்தி இழுத்தது. ரெண்டு பிழை. வெற்றி துறைமுகம்.”

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு உனக்கு மாமனாராகப் போகிறவர், அவர் மனைவி பக்கத்தில், நீ கட்டப் போகிற பெண் கைபேசிக்குள், இரண்டு பக்கத்து உறவும் சுவரோடு நிற்கிறது. உன் முகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. அதே தபால்பெட்டி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் படம் பிடித்தவர்கள் பகிடியாக அனுப்புகிறார்கள். “இதென்ன வெற்றி? அவற்ற கை விழேல்ல. திருப்பி இழுப்பம்” என்று நான் நின்றேன். “முடிஞ்சுது அப்பா” என்றாய். “முடியேல்ல!” கந்தளாயார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இப்ப விளங்குதோ சம்பந்தி? அண்டைக்கு நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக ஒருத்தன் கை தரேல்ல. உது நடுவர் தந்த கிண்ணமெண்டு சொல்லிப்போட்டாங்கள். இவ்வளவு நாளும் அலுமாரிக்குப் பின்னாலதான் கிடக்கு.” அவருக்கும் அதே குறை இருந்திருக்கிறது! தோற்ற எனக்கும் வென்ற அவருக்கும் குறை சொல்ல ஒரே ஆள், நீ. “அண்டைக்கு அந்த ஓம் வேணுமெண்டு சொன்னதோ?” என்று நேரே கேட்டேன். அவர் பணியாரத்தைக் கடித்தார். “கேட்டதுக்குப் பதில் சொன்னனான்.” அவ்வளவுதான். அவரிடமிருந்து வேறு எதையும் யாராலும் எடுக்க முடியாது, எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி இழுப்பது என்று முடிவாகிவிட்டது. இரண்டு அப்பாமாரும் ஒரே மனதாக இன்னொன்றும் முடிவு செய்தோம்: அடுத்த மேசையில் நிரோஜாதான் நடுவர். நீ தேத்தண்ணி ஊற்று.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனபோது நீ மேசையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “இப்பவாவது நம்புறீங்களோ அப்பா?” என்று கேட்டாய். “சோறு ஆறுது” என்றேன். நீ துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போனாய். பதில் என் வாயில்தான் இருந்தது. ஆனால் சற்று முன்புதான் அதே சொல்லை ஒரு ஆளை விழுத்துவதற்காகச் சொல்லியிருந்தேன். அதே மூச்சில் உனக்கும் சொன்னால் எது உத்தி, எது பதில் என்று நீ எப்படி அறிவாய்?

வீட்டுக்குள் நடுவராக நிற்காதே என்று உனக்குப் புத்தி சொல்லத்தான் நினைத்திருந்தேன். மனைவிக்கும் தாய்க்கும் இடையில் விதி பேசுகிறவனுக்கு இரண்டு பக்கமும் சோறு கிடைக்காது. இப்போது மாற்றிச் சொல்கிறேன். நில். உனக்கு வேறு எப்படியும் நிற்கத் தெரியாது. ஆனால் நிற்கும்போது அதே முகத்தோடு நில். உன் அம்மாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று முகம் வைத்திருக்காதே.

அன்றைய தீர்ப்புப் பிழை. அதை நான் மாற்றப் போவதில்லை. தயாரென்று சொன்ன ஆளை நான் இழுத்தேன். சாகும்வரை அப்படித்தான் சொல்வேன், நீயும் சாகும்வரை பிழை என்றே சொல், எனக்குச் சந்தோசம். ஆனால் நீ கேட்டது அதை இல்லை. அந்தத் தீர்ப்பை யாருக்காகவும் சொல்லவில்லை என்பதை நம்புகிறேனா என்று கேட்டாய். நிரோஜாவின் அம்மா கதிரையின் நுனியில் இருந்து கேட்டதும் இன்னும் பதிலில்லாமல் நிற்கிறது. இதை அவரிடமும் காட்டு, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இப்போது மேசை இல்லை, எதிரே கை இல்லை, யாரும் பாய வேண்டியதில்லை.

ஓம்.

அப்பா